எச்சத்துக்காக மரத்தை வெட்டுவதா?

கண்டி ஏரிக்கரையில் குடை பிடிப்பது மழைக்காக மட்டுமல்ல. துளி மேகம் இல்லாத மாலையிலும், ஏரியைச் சுற்றி நடப்பவர்கள் சில மரங்களை நெருங்கியதும் குடையை விரிப்பார்கள். குடை இல்லாதவர் நடைபாதையை விட்டு வீதியில் இறங்குவார். பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடிக்கும். மேலே நீர்க்காகங்களும் கொக்குகளும். கீழே கல்லெல்லாம் வெள்ளை எச்சம். நாற்றத்தைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, நடந்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கு ஊரில் காதில் விழும் வைத்தியம் இரண்டு: கிளையை வெட்டு, வெடி கொளுத்து. இரண்டுக்கும் நான் எதிர்.

ஹந்தானைத் தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். மகனுக்கு மன்னாரில் வேலை. அவன் வாங்கித் தந்த பைனாகுலரோடு வங்காலைக்குப் போயிருக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் ஆழமில்லாத அந்த உப்புநீர்ப் பரப்பில் ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளும் இறங்கியிருக்கும். மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் புறப்படும் பறவைகளுக்கு இந்தத் தீவு கடைசித் தரிப்பிடம். இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை கடல்தான். வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. தெற்கே பூந்தல 1990இலேயே சேர்ந்துவிட்டது. பார்க்க வேண்டிய இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் மகன் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. “பறவை பார்க்கிறதென்றால் கரையோரம்தான் வரணும் அப்பா. கண்டியில என்ன இருக்கு, காகம்தானே?”

படித்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விலை உயர்ந்த கெமராவும் ஜீப்பும் கடற்காற்றும் இருந்தால்தான் பறவை பார்த்த கணக்கு. ஏரிக்கரையில் மாலை ஐந்தரை மணிக்கு அண்ணாந்து பார்க்க ஒரு சதம் செலவில்லை.

முதலில் வருவது வெண்கொக்குகள். ஐந்தாறாய், தாழப் பறந்து, சத்தமில்லாமல் இறங்கும். பிறகு சின்ன நீர்க்காகங்கள் கோடு கோடாக மகாவலிப் பக்கமிருந்து வரும். வந்ததும் சண்டை. ஒவ்வொன்றுக்கும் தன் கிளை எது என்று ஒரு கணக்கு இருக்கிறது. பிந்தி வந்த இளசு ஒன்று உட்காரப் போனால் கொத்தி விரட்டிவிடும். அது ஏரிக்கு மேல் ஒரு வட்டமடித்துவிட்டு வந்து அதே கிளையில்தான் மறுபடி முயலும். நாளெல்லாம் முங்கி மீன் பிடித்த நீர்க்காகத்தின் இறகு தண்ணீரை முழுதாகத் தள்ளாது. அதனால் கடைசி வெயிலில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு நிற்கும். செம்பருந்து ஒன்று தாழ வந்தால் மரம் முழுக்க ஒரே கூச்சல்.

ஆறு மணி தாண்டி வெளிச்சம் மங்கும்போது, பகலெல்லாம் இலைக்குள் தூங்கிய இராக்கொக்குகள் “குவாக்” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வெளியே கிளம்பும். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு முறைக்கு ஆள் மாறுவது போலத்தான். ஐப்பசி முதல் பங்குனி வரை என்றால் உடவத்தகலைக் காட்டோரத்து வளவுகளிலிருந்து ஆறுமணிக்குருவியின் இரட்டைச் சீழ்க்கையும் கேட்கும். அது இமயமலை அடிவாரத்திலிருந்து நம் கொல்லைக்கு வந்து போகும் விருந்தாளி. 1938இலேயே சரணாலயமான அந்தக் காட்டில் இலங்கைக்கு மட்டுமே உரிய பச்சைக் கிளியொன்று இருக்கிறது; லேயார்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் அதை அழைக்கிறார்கள். காகம்தானே என்ற மகனுக்கு இதையெல்லாம் போனில் ஒப்பித்தேன். அவன் சிரித்தான்.

இந்த நீர்க்காகங்களும் கொக்குகளும் ஏன் நகரத்துக்குள் வந்து படுக்கின்றன? சுற்றிலும் தண்ணீர், ஏரியின் நடுத்தீவில் ஆள் நடமாட்டம் இல்லை, எதிரிகள் குறைவு. சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் வெளியே போகின்றன. 1976இல் பொல்கொல்லை அணைக்கட்டு, 1985இல் விக்டோரியா நீர்த்தேக்கம் என்று மகாவலியை மறித்து மறித்து நாம் குளங்களாக்கினோம். 1950களில் கொண்டுவந்த ஆபிரிக்கத் திலாப்பியாவும் நாட்டின் நீர்த்தேக்கமெல்லாம் பெருகிவிட்டது. சாப்பாட்டை நாமே விரித்து வைத்தோம், படுக்க வந்தால் விரட்டுகிறோம் என்பது என் கணிப்பு. இந்த ஏரியே மனிதன் வெட்டியதுதானே. 1807இல், கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல்வெளியை மறித்துக் கட்டியது. அவரோ பறவைகளுக்காக இதைக் கட்டியிருக்கமாட்டார்.

ஏரி கெடுவதற்கும் பறவைகள்தான் காரணம் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. எச்சத்தில் நைதரசனும் பொசுபரசும் இருப்பது உண்மை. தண்ணீரில் விழுந்தால் பாசிக்கு உரம். ஆனால் 1999இல் ஏரி முழுக்க நீலப்பச்சைப் பாசி படர்ந்து நாறியபோது, நகரத்தின் வடிகால்கள் எங்கே வந்து முடிகின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது. ஹோட்டல், கடை, வீடு என்று மேட்டிலிருந்து இறங்கும் கழிவு மழையோடு ஏரிக்கு வருகிறது. ஏரி நிரம்பினால் அந்தக் கழிவு மெத எல என்ற வாய்க்கால் வழியாக மகாவலிக்குப் போகிறது. அதைப் பேசாமல் நீர்க்காகத்தை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றுவது வசதியான நியாயம்.

சரி, கிளையை வெட்டினால் என்ன ஆகும்? கூட்டமாக உறங்கும் பறவை கூட்டமாகவே இடம் மாறும். இந்த மரம் போனால் நூறு யார் தள்ளி அடுத்த மரம். அது பாடசாலை வாசலாக இருக்கலாம், ஆஸ்பத்திரி முற்றமாக இருக்கலாம். எச்சம் குறையாது, விழும் இடம் மாறும், அவ்வளவுதான். கூடு கட்டியிருக்கும் காலத்தில் வெட்டினால் குஞ்சுகள் தார் வீதியில் விழும். நகரத்துக்கு மிஞ்சுவது வெயிலில் காயும் நடைபாதை. வெடிச் சத்தமோ சில நாட்களில் பழகிவிடும். பழகாதவர்கள் தலதா மாளிகைக்கு வந்த கிழவிகளும் கைக்குழந்தைகளும்.

என் யோசனை பெரிய செலவு பிடிக்காதது. எந்தெந்த மரங்களில் அடைகின்றன என்பது கரையில் கடலை விற்பவருக்குக்கூடத் தெரியும். அந்த மரங்களுக்குக் கீழே இருக்கும் வாங்குகளை அகற்றி வேறிடத்தில் போடலாம். அந்தத் துண்டு நடைபாதைக்கு மட்டும் பாரம்பரியத் தோற்றத்துக்குப் பழுதில்லாமல் ஒரு கூரை போடலாம். 1988 முதல் உலக மரபுரிமை நகரம் என்பதால் கண்ட கண்ட தகரத்தைப் போட முடியாதுதான். நல்ல கட்டடக் கலைஞர்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் கழுவ வேண்டும். காய்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டினால் அந்தத் தூசி, கூட்டும் தொழிலாளியின் நெஞ்சுக்குள்தான் போகும். நனைத்துத்தான் கழுவ வேண்டும், அவருக்கு முகக்கவசமும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. பைனாகுலரோடு நின்ற என்னிடம் வெள்ளைச் சீருடைப் பிள்ளையொன்று, “சேர், என்ன பார்க்கிறீங்க?” என்று கேட்டது. கொடுத்தேன். இராக்கொக்கின் கண் சிவப்பு என்று அது கத்தியதில் நடந்துபோன நாலு பேர் நின்று பார்த்தார்கள். நகரத்துத் தமிழ்ப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நாடுகள் எங்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அந்த மாதத்தில் ஒரு மாலை பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிவந்து, வருகிற கொக்கையும் நீர்க்காகத்தையும் எண்ண வையுங்கள். வருடா வருடம் எண்ணினால், கூடுகிறதா குறைகிறதா என்று வாய்ச்சண்டை போடாமல் எண்ணிக்கையை வைத்துப் பேசலாம்.

மாநகர சபைக்கும் ஒரு வேண்டுகோள். விடியற்காலையில் ஒரு தண்ணீர் பவுசரை அனுப்புங்கள். ஏழு மணிக்குள் கழுவி முடித்தால் பிள்ளைகள் வீதியில் இறங்காமல் நடைபாதையிலேயே பள்ளிக்கூடம் போவார்கள்.