ஆற்றடியில் ஒரு பாடசாலை

ஏட்டிலுள்ளதைக் கற்றால் வரலாறு முழுவதும் கைவந்துவிடும் என எண்ணுவார் நம்மிற் பலர். ஏடெழுதி வையாத தொழிலாளரின் வரலாற்றை எங்ஙனம் அறிவது? மண்ணையும் நீரையும் துருவியே அதனைக் காணல் வேண்டும் என்பது எமது துணிபு.

அமெரிக்காவின் ஒக்லகோமா மாநில எல்லையில் ஓடும் ரெட் ஆற்றில் நிகழ்ந்ததொன்றை ஈண்டு எடுத்துக்காட்டுதல் தகும். 1832இல் கட்டப்பெற்ற ‘ஹீரோயின்’ என்னும் நீராவிக்கப்பல், தௌசன் கோட்டைப் படையினர்க்கு உணவுப்பொருள் ஏற்றிச் செல்கையில், 1838ஆம் ஆண்டு மே மாதத்தில், நீருள் மறைந்து கிடந்த மரத்தில் மோதி அமிழ்ந்தது. 1843ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஆறு போக்கு மாற, அது மண்ணுட் புதைந்தது. 1990இல் வந்த வெள்ளம் அதனை மீண்டும் வெளிப்படுத்தியது. 2001 முதல் 2008 வரை ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழக மாணவர் தம் ஆசிரியருடன் மூழ்கி அதனை ஆராய்ந்தனர்.

கலங்கல் நீரிற் கண் உதவாது, விரல்களே கண்களாம். பலகைகளைத் தடவி அளந்து, கரையேறிய பின் வரைபடத்திற் குறித்தல் வேண்டும். அக்காலத்து ஆற்றுக்கப்பல்களைக் கட்டியோர் வரைபடம் எதனையும் பெரும்பாலும் விட்டுச் சென்றிலர். ஆதலின் அம்மரங்களே அவர்தம் கைத்திறனுக்குச் சான்றாயின.

“பொருள்களை முதலில் மேலே எடுப்போம், ஆராய்ச்சி பின்னர் ஆகட்டும்” என்பாரும் உளர். அது பெரும் பிழை. பீப்பாவை இழுத்தெடுப்பவனுக்குப் பீப்பா மாத்திரமே கிடைக்கும்; அது கிடந்த இடத்தைக் குறித்தவனுக்கோ கப்பலின் கதையே கிடைக்கும். ஒருமுறை குலைத்த சான்றை மீண்டும் அடுக்க எவராலும் இயலாது.

இஃது எமக்கு அயலான செய்தியன்று. வளவை கங்கை கடலொடு கலக்கும் கொடவாயவுக்கு அப்பால், ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய கப்பற் சிதைவொன்றை மீனவரே கண்டனர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்ததை நாம் பெருமையுடன் பேசுகின்றோம். அத்தகைய கலங்களைச் செய்த தச்சரின் அளவுகளை அறிந்தோர் நம்முள் எத்துணைபேர்?

மாணவ நண்பர்காள்! மூழ்கும் கருவிகள் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. கரையில் உக்கிக் கிடக்கும் பழைய வள்ளமொன்றை அளந்து எழுதுங்கள். அதனைச் செய்த முதியவர் இருப்பாராயின் இன்றே சென்று கேளுங்கள். மரம் உக்குமுன் மனிதர் மறைந்துவிடுவர்.