பத்தரை நாம் கேட்கவே இல்லை

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டை 1958-ல் தொடங்கியது. நாட்டின் முதல் தொழிற்பேட்டைகளில் ஒன்று என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். சற்றுத் தள்ளிப் பொறியியல் கல்லூரி, அதன் வேர் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. பிளாஸ்டிக்குக்கு 1968 முதல் சிப்பெட், செருப்புக்கு 1957 முதல் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம், இரண்டும் கிண்டியில்தான். செருப்பு வடிவத்தைக் கணினியில் வரையக் கற்றுத்தர ஓர் இடம் இருப்பது நியாயமே. ஆனால் இங்கே படித்து, இங்கே வேலை பார்த்து, இந்த நிறுவனங்களைப் பற்றிப் பத்திரிகையிலும் எழுதிய நாம், மயிலாப்பூர் சந்தில் உலை முன் உட்கார்ந்து நகை செய்யும் பத்தருக்கும் அப்படி ஒரு வாசல் திறக்கட்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நகைத் தொழிலுக்குள் கணினி வந்தபோது அதைச் சின்ன வயதுப் பட்டதாரிகளிடம் கொடுத்தோம். ஆங்கில மெனு படிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்தோம். தங்கம் உருகி அவர்கள் பார்த்ததுண்டா என்று விசாரிக்கவில்லை. அவர்கள் ரைனோ, மேட்ரிக்ஸ் போன்ற மென்பொருளில் வரைவதை இயந்திரம் மெழுகாகவோ ரெசினாகவோ அச்சிடும். அதைச் சுற்றிப் பிளாஸ்டர் ஊற்றி, சூளையில் வைத்து மெழுகை எரித்துவிட்டு, மிஞ்சும் குழிவில் தங்கத்தை வார்ப்பார்கள். வார்த்த உருப்படி அப்புறம்தான் பத்தரிடம் வரும்: காம்பை வெட்டு, அரம் போடு, மெருகேற்று. நகை முழுவதையும் மனத்தில் கட்டிச் செய்தவரைக் கடைசித் துடைப்புக்கு ஆளாக்கினோம்.

இதில் நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை. மெழுகில் ஒரு கிராம் இருக்கும் உருப்படி 22 காரட்டில் ஏறக்குறைய 18 கிராம், அதாவது இரண்டு பவுனுக்கு மேல். உள்விட்டம் 17 மி.மீ., அகலம் 3 மி.மீ., கனம் 1.5 மி.மீ. உள்ள வெறும் வளைய மோதிரம் சுமார் 4.6 கிராம் வரும். கனத்தை 0.1 மி.மீ. கூட்டினால் மூன்றில் ஒரு பங்கு கிராம் தங்கம் கூடுதலாகப் போகும். திரையில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே படாது. பத்தரின் விரலுக்குப் படும். அரம் போட்டு மெருகேற்றினால் எவ்வளவு தேயும், ஆறும்போது எவ்வளவு சுருங்கும், கல்லைப் பிடிக்கும் கொக்கி எவ்வளவு மெலிந்தால் மடக்கும்போது ஒடியும் என்பதெல்லாம் அவர் சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியவை. ஒடிந்த கொக்கியை மறுபடி பற்றவைத்துத் தருபவரும் அவர்தான்.

கெம்பு நகையை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டியக்காரர்கள் பூணுகிற நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஜடை பில்லை எதிலும் கையால் தீட்டிய பழைய கல் ஒன்று போல் இன்னொன்று இராது. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கேற்றபடி குழியைத் திருத்துவது நாகர்கோவில் வடசேரி முதல் மயிலாப்பூர் வரை வழக்கம். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கணினியில் ஒரு கல்லை வைத்து அதையே நாற்பது தடவை நகலெடுப்பது சுலபம். அப்புறம் அந்த அளவுக்குப் பொருந்தும் இயந்திரக் கல்லைத்தான் தேட வேண்டும். மென்பொருளின் சௌகரியத்துக்காகக் கல்லையே மாற்றிவிட்டு, பழைய நகையின் களை இதில் இல்லையே என்று கடையில் நின்று குறை சொல்கிறோம்.

பத்தரால் கற்க முடியாது என்றும் நாமே முடிவு கட்டினோம். ஒரு வடிவத்தை வளைகோட்டின் வழியே இழுத்துச் செல்லும் கட்டளை, அச்சுத் தகட்டில் துளைக்குத் துளை கம்பி இழுத்த கைக்கு அந்நியமில்லை. முட்டுக்கட்டை வேறு இடத்தில்: ஆங்கில மெனு, ஐம்பதுக்கு மேல் மங்கும் பார்வை, வகுப்புக்குப் போகும் நாளில் வராத கூலி. மூன்றையுமே மாலை வகுப்பு, தமிழ்க் கையேடு, ஒரு மூக்குக்கண்ணாடி, கொஞ்சம் உதவித்தொகை என்று தீர்த்திருக்கலாம். கிண்டியில் பொறியாளர்களுக்குப் பஞ்சமா?

1963 ஜனவரியிலும் பத்தர் விஷயத்தில் இப்படித்தான் பாராமுகமாக இருந்தோம். மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யத் தடை போட்டன. பட்டறைகள் மூடின, தற்கொலைகள் நடந்தன. அதன்பின் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-ல்தான் நீங்கியது. அந்தக் காலத்தைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு வந்தால், கல்யாணத்துக்குத் தங்கம் கிடைக்காத கதையாகத்தான் வருகிறது.

2023-ல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தது. பதினெட்டுத் தொழில்களில் பொற்கொல்லர் தொழிலும் ஒன்று. குலத்தொழிலைத் திணிக்கிறது என்று தமிழ்நாடு மறுத்து, 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல், 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம். மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். உலை முன் உட்கார விடாத பத்தர் வீட்டுப் பெண்கள் கணினி முன் உட்காரலாம், வேறு சாதிப் பிள்ளைகளும் வரலாம். ஆனால் அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்று பேசியபோதும், பட்டறைக்காரர் இன்று எதைக் கற்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வியை நாம் எழுப்பவில்லை. குலத்தைப் பற்றிப் பேசினோம், தொழிலை விட்டுவிட்டோம்.

தி. நகரில் செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்ற பலகையைப் பார்த்து உள்ளே நுழைபவர்களும் நாம்தான். அந்தத் தள்ளுபடியை யார் கூலியில் பிடிப்பார்கள் என்று யோசித்ததில்லை. முன்பு ஒரு வடிவம் நன்றாக விற்றால், ஒவ்வொரு உருப்படியும் பட்டறைக்கு வேலையாகத் திரும்பி வரும். இப்போது வடிவத்தின் கணினிக் கோப்பு கடையிடம் இருக்கிறது, நூறு தடவை வார்க்கலாம்.

2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் கட்டாயமாகத் தொடங்கியது. நகையில் பி.ஐ.எஸ். முத்திரை, தூய்மை எண், ஆறு இலக்கக் குறியீடு. அந்தக் குறியீட்டை பி.ஐ.எஸ். செயலியில் தட்டினால் கடையும் சோதித்த மையமும் தெரியும், செய்தவர் பெயர் வராது. கணினிக் கோப்பின் குறிப்புப் பகுதியில் அந்தப் பெயரை எழுத ஒரு நிமிடம் ஆகாது. பில்லிலும் அது வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.