மதிப்பெண் போடுவது யார்?

அமெரிக்கப் பேச்சு-மொழி-செவிப்புலச் சங்கத்தின் அளவுகோலில் நோயாளியின் தொடர்புத்திறனுக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் உண்டு. சிகிச்சையின் தொடக்கத்திலும் முடிவிலும் அதைப் போடுபவர் சிகிச்சையளிப்பவரே. பயிற்சி பெற்றவர்தான்; ஆனாலும் தன் உழைப்புக்குத் தானே மதிப்பெண் போடும்போது கை தாராளமாகிவிடாதா? இருவர் போட்டாலும் ஒத்துப்போகிறதே என்பார்கள். பலரும் 4, 5 என்றே வாங்கும் இடத்தில் குருட்டாம்போக்கில் போட்டாலும் ஓரளவு ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழிக்கத்தான் 1960இல் ஜேக்கப் கோஹன் ‘கப்பா’ கணக்கைத் தந்தார். இருவரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அதுவும் காட்டிக்கொடுக்காது.

ஆகவே பேச்சுப் பதிவுகளை, சிகிச்சைக்கு முந்தையதா பிந்தையதா என்று சொல்லாமல், வேறொருவரிடம் கொடுத்து மதிப்பிடச் சொல்ல வேண்டும். நோயாளி கடைத்தெருவில் எப்படிப் பேசுகிறார் என்பது பதிவில் வராது என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதைக் குடும்பத்தாரிடம் தனியே கேட்கலாம். நேரமில்லை என்பவர்கள் பத்தில் ஒரு பதிவையாவது அனுப்பட்டும்.