பயணக் கணக்கை யாருடைய பணப்பையிலிருந்து தொடங்குவது?

செமஸ்டர் விடுமுறை நெருங்கிவிட்டால் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். பினாங்கா, மலாக்காவா, ஈப்போவா? முதல் அரை மணி நேரத்தில் பதினைந்து பேர் கை தூக்கும் படத்தைப் போடுவார்கள். அறைக்கு முன்பணம் கட்டும் நாள் வரும்போது ஐந்தாறு பேர்தான் மிஞ்சுவார்கள். விலகிக்கொள்பவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "இல்லடி, அந்த வாரம் வீட்ல வேலை இருக்கு. அடுத்த தடவ கண்டிப்பா வரேன்."

அந்த 'வீட்டு வேலை'களில் பாதியாவது, கையில் பணம் இல்லை என்பதன் மறுபெயர் என்றே நான் நினைக்கிறேன். கல்விக் கடன் பணம் இன்னும் கணக்கில் விழுந்திருக்காது. அல்லது பகுதி நேர வேலையில் கிடைத்த சம்பளம் தம்பியின் பள்ளிச் செலவுக்குப் போயிருக்கும். இதைக் குழுவில் எழுத யாருக்கும் மனம் வராது. மற்றவர்களும் கேட்கமாட்டார்கள். அடுத்த பயணத்திற்கு அந்தத் தோழியை அழைக்கும்போதே, 'இவள் எப்படியும் வரமாட்டாள்' என்ற நினைப்பு வந்துவிடும். மூன்றாவது முறை அழைப்பே போகாது. சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல் ஒரு நட்பு இப்படித்தான் தேய்கிறது.

நண்பர்களோடு ஊர் சுற்றுவதே வீண் செலவு என்று சொல்லும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெற்றோர் துணையின்றி ஒரு புதிய ஊரில் வழி கேட்பதும், பேருந்து தவறினால் வேறு வழி தேடுவதும் வகுப்பறையில் கிடைக்காத பாடங்கள். நான் கேட்பது வேறு. கூட்டாகப் போகும் பயணத்தின் செலவை யாருடைய வசதிக்கு ஏற்ப முடிவு செய்கிறோம்? இப்போது பெரும்பாலும் முதலில் பேசுபவரின் வசதிக்கு ஏற்பத்தான் அது முடிவாகிறது. குறைவாகப் பணம் வைத்திருப்பவரின் அளவுக்கே அது இருக்க வேண்டும், அவர் யார் என்பது வெளியே தெரியாமலும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கடந்த ஆண்டு நாங்கள் ஆறு பேர் மூன்று நாள் பினாங்கு சென்றோம். கிளம்புவதற்கு ஒரு மாதத்திற்கு முன், எங்களில் ஒருத்தி மற்ற ஐந்து பேருக்கும் தனித்தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பினாள். ரயில் கட்டணம் போக, தங்கவும் சாப்பிடவும் சுற்றவும் உன்னால் அதிகபட்சம் எவ்வளவு போட முடியும்? ஓர் எண் மட்டும் அனுப்பு, காரணம் வேண்டாம். வந்த எண்களில் ஆகக் குறைவானதை மட்டும் குழுவில் அறிவித்தாள். 200 வெள்ளி. "இருநூறை வச்சிக்கிட்டு பினாங்குல என்னடி செய்யறது?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

நிறையவே செய்யலாம். கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் ரயிலில் நான்கு மணி நேரத்திற்குச் சற்று அதிகமான பயணம். பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம். கடலைக் கடக்கப் படகில் ஓரிரு வெள்ளிதான். அந்தக் கரையில் இறங்கினால் கேட் எனப்படும் இலவசப் பேருந்து கொம்தார் வரை போகிறது. நாங்கள் தங்கியது பழைய கடைவீடு ஒன்றில் இயங்கும் விடுதி. ஆறு பேருக்கும் ஒரே அறை, மூன்று அடுக்குக் கட்டில்கள். மேல் கட்டில் யாருக்கு என்பதில்தான் முதல் இரவு தகராறு.

மலாக்காவுடன் சேர்த்து 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் ஜார்ஜ்டவுன். அதன் பழைய பகுதியைப் பார்க்க நுழைவுச்சீட்டு தேவையில்லை, கால்கள் போதும். ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் சாலையில் ஒரு முனையிலிருந்து நடந்து பாருங்கள். 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், ஊதுபத்திப் புகை சூழ்ந்த சீனர்களின் கருணைத் தாய் ஆலயம், 1833ஆம் ஆண்டு மகாமாரியம்மன் கோவில், 1801இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் எல்லாம் சில நிமிட நடைக்குள் வந்துவிடும். கோவிலின் முன்வாசல் மட்டும் அடுத்த தெருவான லெபோ குயினில் இருக்கிறது. நாங்கள் பின்பக்கச் சுவரைப் பார்த்துவிட்டு வாசலைத் தேடிக் கொஞ்சம் சுற்றினோம். பக்கத்திலேயே இருக்கும் லெபோ சூலியாவுக்கு அந்தப் பெயர் வந்தது, சோழமண்டலக் கரையிலிருந்து வணிகம் செய்ய வந்த தமிழ் முஸ்லிம்களால். வரலாற்றுப் பாடத்தில் எஸ்பிஎம்முக்காக நாம் மனப்பாடம் செய்ததைவிட இந்த அரை மணி நேர நடையில் எனக்கு அதிகம் பதிந்தது.

சாப்பாட்டுக்கு வருவோம். பினாங்கின் பேர்போன உணவுகளில் பல, கையில் அதிகம் காசில்லாத உழைப்பாளிகளை நம்பி உருவானவை. நாசி கண்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடித்தடியைச் சுமந்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் துறைமுகத் தொழிலாளர்களைத் தேடிப்போய் விற்ற சாப்பாடு அது. 'கண்டார்' என்பதே அந்தத் தடிதான். இன்று குளிரூட்டிய கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் வரிசையில் நின்று, நாலு வகைக் குழம்பையும் சோற்றின் மேல் வெள்ளமாக ஊற்றச் சொல்லி, வியர்வை வழியச் சாப்பிடும்போது கிடைக்கும் ருசி தனி. சார் குவே தியாவும் அப்படித்தான். இரும்புச் சட்டியின் சூட்டில் புகைவாசம் ஏறிய அந்தக் கோரைத் தட்டை எந்தப் பேரங்காடி உணவகமும் எனக்குத் தந்ததில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பல நாசி கண்டார் கடைகளில் விலைப் பட்டியல் இருக்காது. தட்டைக் கண்ணால் பார்த்தே கணக்குப் போடுவார்கள். கோழியும் வெண்டைக்காயும் வைத்தால் ஒரு விலை. மீன் சினை, பெரிய இறால், கணவாய் என்று விரலை நீட்டினால் கதை வேறு. "அண்ணே, இது எவ்வளவு?" என்று எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை, அவர்களும் தவறாக நினைப்பதில்லை. எங்கள் ஆறு பேரில் ஒருத்தி சைவம். அவளுக்காக லிட்டில் இந்தியாவில் இரண்டு வேளை இட்லி, தோசை சாப்பிட்டோம். அசாம் லக்சாவில் மீன் இருப்பதால் அவள் தொடவில்லை. லெபோ கெங் குவீ சந்து முனையில் நின்றபடியே குடித்த செண்டோலில் எல்லாரும் ஒன்று சேர்ந்துவிட்டோம்.

இரண்டாம் நாள் பினாங்கு மலை. 1920களிலிருந்து ஓடும் மலை ரயில் அது, இப்போது இருப்பவை புதிய பெட்டிகள். வரிசை நீளமாக இருந்தது. கூடுதல் கட்டணம் கட்டினால் விரைவு வரிசையில் போகலாம். எங்களில் இருவருக்கு அந்த ஆசை வந்தது. பொதுப் பணத்தில் அதற்கு இடமில்லை என்பதால் பேச்சு அங்கேயே முடிந்தது. 'எனக்கு வேண்டாம், நீங்கள் போங்கள்' என்று யாரும் தனித்து நிற்கவேண்டி வரவில்லை. கைக்காசைவிட உடல் தெம்பு அதிகம் இருப்பவர்கள் தாவரவியல் பூங்காவிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறலாம். எங்களுக்கு அந்தத் தெம்பு இல்லை. தண்ணீர்மலை முருகன் கோவிலின் 513 படிகளே போதுமாக இருந்தது. அங்கிருந்து தெரியும் நகரக் காட்சிக்குக் கட்டணமும் இல்லை.

கையில் பணம் உள்ளவர்கள் ஏன் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்காகவே ஒரு பிற்பகலை யாருக்கும் பொதுவில்லாமல் விட்டோம். இருவர் கொம்தார் உச்சியில் உள்ள கண்ணாடி நடைபாதைக்குச் சொந்தப் பணத்தில் போனார்கள். ஒருத்தி விடுதியில் தூங்கினாள். மற்ற மூவரும் சூ படகுத்துறையின் பலகைப் பாதையில் நடந்தோம். கடல்மேல் மரத்தூண்களில் நிற்கும் அந்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. சிலர் சன்னலுக்குள் கேமராவை நீட்டுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. மாலை எல்லாரும் சேர்ந்தபோது சொல்வதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது.

'அவளுக்கு நான் பெலஞ்சா பண்றேன்' என்பது இன்னொரு வழி. நல்ல மனதோடு சொல்வதுதான். ஒரு வேளைச் சாப்பாட்டிற்கு அது சரி. மூன்று நாளும் ஒருவர் செலவில் இன்னொருவர் சாப்பிட்டால், எங்கே சாப்பிடலாம் என்ற பேச்சில் அவர் வாயைத் திறக்கவே தயங்குவார். விலை குறைந்ததைப் பார்த்து வாங்குவார். பசி இல்லை என்று பொய் சொல்வார். மொத்த பில்லை ஆறாகப் பிரிப்பதிலும் இதே சிக்கல். வெறும் தே ஓ குடித்தவள், இறால் சாப்பிட்டவளின் தட்டுக்கும் சேர்த்துக் கட்டுகிறாள். பொதுப் பணத்தில் ஒரு வேளைக்கு இவ்வளவு என்று முன்பே பேசிக்கொண்டு, அதற்கு மேல் எடுப்பவர் தன் கைப்பணத்தில் கட்டுவது எளிது. கொஞ்சம் கறாராகத் தெரியும். முதல் நாள் மதியத்தோடு பழகிவிடும்.

இடைநிலைப் பள்ளியில் இருப்பவர்களுக்கு இரவு தங்கும் பயணம் இப்போதைக்குக் கைக்கு எட்டாமல் இருக்கலாம். காலையில் போய் மாலையில் திரும்பும் பயணத்திற்கும் இந்த முறை பொருந்தும். எங்கே, யாரோடு, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி நீட்டும்போது பெற்றோரிடம் அனுமதி வாங்குவதும் எளிதாகிறது. என் அம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி, விடுதிக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா என்பது.

மூன்றாம் நாள் படகுத்துறையில் எண்ணிப் பார்த்தபோது பொதுப் பணத்தில் 23 வெள்ளி மீதமிருந்தது. தம்புன் பிஸ்கட் வாங்கி ரயிலிலேயே தின்று தீர்த்தோம். வரும் டிசம்பரில் ஈப்போ போவதாகத் திட்டம். தனித்தனியாகக் கேட்கும் பொறுப்பு இம்முறை என்னிடம். நான்கு பேர் எண்ணை அனுப்பிவிட்டார்கள், ஒருத்தியின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.