பழியெல்லாம் பழைய போன்மேல்

"வீடியோ ஓடலையா? போன் பழசாயிருச்சு, மாத்திடுங்க." கேமரன் மலையின் தானா ராத்தா கடைவீதியிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. பிள்ளையின் பாடக் காணொளி பாதியில் நின்று வட்டம் சுற்றத் தொடங்கினால் போதும், தவணைக்குப் புதுப் போன் பார்க்கப் பெற்றோர் கிளம்பிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. உழைப்பவர் சட்டைப்பையில் கைவைப்பதால் கொடுமையானதும்கூட.

மலேசியாவில் 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரர் 800 வெள்ளிக்குப் போன் வாங்கினால் கிட்டத்தட்ட அரை மாத உழைப்பு போய்விடும். போன பிறகும் காணொளி அதே இடத்தில் நின்றால் அவருக்கு யார் பதில் சொல்வது?

காணொளி மொத்தமாக வந்து இறங்குவதில்லை. சில விநாடித் துண்டுகளாக வருகிறது. ஒரு துண்டு ஓடி முடிவதற்குள் அடுத்தது வந்து சேராவிட்டால் படம் நிற்கும். யூடியூப் நிறுவனத்தின் கணக்குப்படி 360 தரத்துக்கு விநாடிக்கு 0.7 மெகாபிட் வேகம் போதும். 1080 தரத்துக்கு 5 மெகாபிட் வேண்டும். 2 மெகாபிட் மட்டுமே கிடைக்கும் லயத்து வீட்டில் முதலாவது தடையின்றி ஓடும், இரண்டாவது திணறும். இதில் போனின் வயதுக்கு வேலையே இல்லை. புதுப் போனின் பெரிய திரைக்காகத் தரத்தை உயர்த்தி வைத்தால் அது முன்னைவிட அதிகமாகத் திணறும். குழாயில் தண்ணீர் வராதபோது புது வாளி வாங்கி என்ன பயன்?

"நாலு கோடு காட்டுதே, லைன் நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். அந்தக் கோடுகள் கோபுரத்தின் அலை எவ்வளவு வலுவாக வருகிறது என்பதைத்தான் காட்டும். அதே கோபுரத்தை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள் என்று காட்டாது. பள்ளி விடுமுறையில் கேமரன் மலைச் சாலைகள் வாகனங்களால் நிறைகின்றன. அத்தனை பயணிகளின் போன்களும் அதே கோபுரங்களைத்தான் நாடுகின்றன. கோடு குறையாது, வேகம் குறையும். மேட்டுக்கு மறுபுறம் பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு அலையே மெலிந்துதான் வந்து சேரும்.

2020 மார்ச்சில் உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது, இணையத்தின் சுமையைக் குறைக்க யூடியூப் உலகெங்கும் தன் காணொளிகளைத் தொடக்கத்திலேயே குறைந்த தரத்தில் ஓடவிட்டது. அப்போது உலகத்துப் போன்களெல்லாம் திடீரென்று பழசாகிவிடவில்லை. நெருக்கடி பாதையில் இருந்தது.

இந்த நம்பிக்கைக்கு வலுவூட்டிய உண்மை ஒன்று உண்டு. ஜென்டேலா என்ற அரசின் இணைய மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் 2021 இறுதிக்குள் மலேசியாவில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 4ஜி இல்லாத போன் வைத்திருந்தவர்களுக்கு அப்போது மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. செயலி ஏற்க மறுக்கும் அளவுக்குப் பழைய இயங்குதளம் கொண்ட போன்களும் இருக்கின்றன. அவற்றுக்கு "மாத்திடுங்க" என்ற தீர்ப்பு சரி. அதை ஒவ்வொரு தடங்கலுக்கும் சொல்வது சோம்பல்.

சோதித்துப் பார்க்கக் காசு வேண்டாம். முதலில் தரத்தை 360க்கு இறக்குங்கள்; ஓடினால் குறை பெரும்பாலும் வேகத்தில்தான். டேட்டா மீதம் இருக்கிறதா என்று பாருங்கள். பல திட்டங்களில் ஒதுக்கிய அளவு தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். போனின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பே கிடைக்காமல் போகலாம். செயலியைப் புதுப்பித்து, சேமிப்பில் கொஞ்சம் இடம் ஒழியுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் உங்கள் சிம்மைப் பக்கத்து வீட்டாரின் போனில், அதே இடத்தில் போட்டு, அதே காணொளியை ஓட்டுங்கள். அங்கேயும் நின்றால் உங்கள் போனை நொந்துகொள்ள முகாந்திரமில்லை. அங்கே ஓடினால், அவருடைய ஹாட்ஸ்பாட்டில் உங்கள் போனை இணைத்துப் பாருங்கள். அதிலும் நின்றால் போனைச் சந்தேகிக்கலாம்.

குறை லைனில் என்று தெரிந்த பிறகு வாய்மூடி இருப்பதும் தவறு. புதுப் போன் வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் சேவை நிறுவனத்தின் குறையைத் தன் செலவில் மறைக்கிறது. கோபுரத்தைச் சீராக்க வேண்டியவர்களுக்குச் செய்தியே போவதில்லை. இடம், நேரம், வேகச் சோதனையின் படம் ஆகியவற்றோடு முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். தீராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு லயத்தார் சேர்ந்து கொடுத்தால் அதைத் தள்ளிவிடுவது கடினம். மாதாமாதம் பணம் கட்டும் சேவையைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. அதைக் கேட்காமல் கடனுக்குப் போன் வாங்கும் பழக்கத்தை இன்றோடு விடுவோம்.