ரயிலுக்கு வரி கொடுத்த மாவட்டமும் பேருந்து வராத தெருக்களும்

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்குப் போகும் ரயில் பாதை 1894இல் திறக்கப்பட்டது. இந்தப் பாதையில் தினமும் கல்லூரிக்குப் போய்வரும் மாணவர்களில் பலருக்கு இதன் கதை தெரியாது. வெள்ளைக்கார அரசு தானாக மனமிரங்கிப் போட்டுக் கொடுத்த பாதை அல்ல இது. அன்றைய தஞ்சாவூர் மாவட்ட வாரியம் ரயிலுக்கென்றே நிலத்தின் மீது தனியாக ஒரு வரி விதித்துப் பணம் சேர்த்தது. ஓர் உள்ளாட்சி அமைப்பு வரி வசூலித்து ரயில் பாதை போட்டது அந்தக் காலத்தில் பெரிய செய்தி. பாதை 1903இல் அறந்தாங்கி வரை நீண்டது. ரயிலை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி, பாதை மாவட்ட வாரியத்தின் பாதை.

வரியைக் கணக்கில் கட்டியவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள். அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்தவர்கள் பண்ணையாட்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். வாரியத்தின் கூட்டத்தில் உட்கார்ந்து எந்த ஊரில் ரயில் நிலையம், எந்த ஊருக்குச் சாலை என்று பேசியவர்கள் மிராசுதாரர்களும் வக்கீல்களும். வரியை விளைவித்தவனுக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி இல்லை.

பழைய கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய சாலைகளும் ரயில் பாதைகளும் ஒரே அரசால் முடிகிற வேலை அல்ல. ஒன்றிய அரசு, மாநில அரசு, பக்கத்து மாநிலம், பல மாவட்டங்கள் என எல்லோரும் சேர்ந்து திட்டமிட்டு, பணத்தையும் பங்குபோட வேண்டும். 'ஒருங்கிணைந்த போக்குவரத்துத் திட்டம்' என்று இப்போது எல்லா மேடைகளிலும் பேசுகிறார்கள். நல்ல பேச்சுதான். அந்த ஒருங்கிணைப்பில் யார் யார் உட்காருகிறார்கள் என்பதே இந்தப் பத்தியின் கேள்வி.

அன்றைய ஒரே தஞ்சாவூர் மாவட்டம் 1991இல் நாகப்பட்டினம், 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை என்று பிரிந்துவிட்டது. அறந்தாங்கி இப்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. நடுவில் காரைக்கால், அது புதுச்சேரி அரசின் கீழ் வருவது. ரயில் பாதை தென்னக ரயில்வேயிடம். தேசிய நெடுஞ்சாலை ஒன்றிய அரசிடம், மற்ற நெடுஞ்சாலைகள் மாநிலத் துறையிடம், கிராமச் சாலைகள் ஊராட்சி ஒன்றியத்திடம். பேருந்து ஓட்டுவது கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம். காரைக்காலுக்கு ஒரு பேருந்து விட வேண்டுமென்றால் மோட்டார் வாகனச் சட்டப்படி இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். இத்தனை பேர் ஒத்துழைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் திருவாரூர்–காரைக்குடி பாதை காட்டியது. அகலப்பாதைப் பணிக்காக 2012இல் ரயில் நின்றது. முழுப் பாதையும் திறக்க 2019 ஜூன் ஆகிவிட்டது. ஏழு ஆண்டுகள். பள்ளியில் சேர்ந்த பிள்ளை ஏழாம் வகுப்பை முடிக்கிற காலம். திறந்த பிறகும் கேட் கீப்பர்கள் போதிய அளவில் நியமிக்கப்படவில்லை. ரயிலிலேயே ஆட்களை ஏற்றிச் சென்று, ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, வண்டி போன பிறகு திறந்து, மறுபடி ஏறி... சுமார் 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரம் பிடித்தது. கோடிக் கணக்கில் செலவழித்துத் தண்டவாளம் போட்டவர்கள் கேட்டுக்கு ஆள் போடுவதைத் திட்டத்தில் சேர்க்க மறந்தார்கள்.

திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் பாதை 294 கோடி ரூபாய் செலவில் முடிந்து 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. உப்பு ஏற்றிச் செல்ல வசதியாகும் என்று அப்போது அறிவித்தார்கள். உப்புக்கு வசதி வரட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவர் காலை வேலைக்குப் போகிற நேரத்தில் வண்டி உண்டா, கல்லூரி முடிந்து பிள்ளைகள் திரும்புகிற நேரத்தில் வண்டி உண்டா என்பதும் திட்டத்தின் பகுதியாக இருந்திருக்க வேண்டும்.

ரயில் நிலையத்திலிருந்து தெருவுக்கு வருவோம். உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். திருவாரூர் மாவட்டத்தில் அது 34 விழுக்காடு. மூன்றில் ஒருவர். இவர்களில் பெரும்பாலோர் ஊர்த்தெருவிலிருந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வயலுக்கு நடுவே உள்ள தெருக்களில் குடியிருக்கிறார்கள். பேருந்து ஊர்த்தெரு வரை வரும், அங்கேயே திரும்பும். மகளிருக்கு 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. அந்த இலவசப் பயணச்சீட்டை வாங்க நம் பெண்கள் முதலில் பேருந்து நிற்கும் இடம் வரை நடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த நடை எப்படிப்பட்டது என்பதை டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பல ஊர்களில் சுடுகாட்டுக்குப் பாதையே கிடையாது. பிணத்தைத் தோளில் சுமந்து பயிருக்குள் இறங்கிப் போகிறார்கள்.

இதற்குச் சாலைத் திட்டமே இல்லையா? இருக்கிறது. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் நாடு முழுக்கப் பல லட்சம் கிலோமீட்டர் சாலை போட்டிருக்கிறது. செலவில் ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்பது பெரும்பாலான மாநிலங்களுக்கான இப்போதைய பங்கு. இதன் நான்காம் கட்டத்துக்கு 2024 செப்டம்பரில் 70,125 கோடி ரூபாய் ஒதுக்க ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 62,500 கிலோமீட்டர் சாலை, இணைப்பில்லாத 25,000 குடியிருப்புகள் என்பது கணக்கு. ஒரு விஷயத்தில் இந்தத் திட்டத்தைப் பாராட்ட வேண்டும். வருவாய் கிராமத்தை எடுத்துக்கொள்ளாமல் குடியிருப்பை அலகாக எடுத்துக்கொண்டது. காலனியையும் தனிக் குடியிருப்பாகப் பார்க்க அதில் வாய்ப்பு இருந்தது.

ஆனால் விதியைக் கொஞ்சம் கூர்ந்து படியுங்கள். மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சமவெளியில் ஒரு குடியிருப்பு 'இணைப்பில்லாதது' என்று கணக்கில் ஏற வேண்டுமானால், எல்லாப் பருவத்துக்குமான சாலையிலிருந்தோ இணைப்புப் பெற்ற குடியிருப்பிலிருந்தோ குறைந்தது 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மக்கள்தொகையும் 500 இருக்க வேண்டும். ஊர்த்தெருவுக்குச் சாலை வந்துவிட்டது. காலனி அங்கிருந்து 400 மீட்டரில் இருக்கிறது. கணக்குப்படி காலனிக்கும் சாலை வந்துவிட்டது! நடுவில் வாய்க்கால் இருக்கிறதா, அதன் மீது பாலம் இருக்கிறதா, தனியார் வயலில் இறங்கிப் போக வேண்டுமா, ஊர்த்தெரு வழியாக நடக்க விடுகிறார்களா என்பதையெல்லாம் அளவுகோல் பார்க்காது. சாதி போட்ட தூரத்தை மீட்டரால் அளந்தால் விடை இப்படித்தான் வரும். திட்டம் தீட்டியவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்தத் தூரத்தைத் தினமும் நடப்பவர் ஒருவர் கூட்டத்தில் இருந்திருந்தால் இந்த விதி இப்படி எழுதப்பட்டிருக்காது.

மினி பேருந்துத் திட்டத்திலும் இதே கவனம் தேவை. 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கப்பட்ட புதிய திட்டம் ஒரு வழித்தடத்தின் பெரும்பகுதி இதுவரை பேருந்தே போகாத பாதையாக இருக்க வேண்டும் என்கிறது. வழித்தடங்கள் மாவட்ட அளவில்தான் முடிவாகின்றன. 'பேருந்து போகாத பாதை' என்பதைச் சாலையின் நீளத்தை வைத்து மட்டும் பார்த்தால் காலனி மறுபடியும் விட்டுப்போகும். எந்தத் தெரு வரை பேருந்து வரும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாவட்ட அளவில் என்ன செய்துவிட முடியும் என்று சிலர் நினைக்கலாம். ஒரு காலத்தில் தென் மாவட்டங்களில் தனியார் பேருந்துகள் ஆதிதிராவிடர்களை ஏற்றுவதில்லை. ராமநாதபுரம் மாவட்ட வாரியத்தின் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். கதவு திறந்தது. அவர் சென்னைக்கு மனு அனுப்பிவிட்டுக் காத்திருக்கவில்லை. உரிமம் கொடுக்கும் அதிகாரம் தன் கையில் இருந்தது, அதைப் பயன்படுத்தினார்.

இன்று அந்த இடத்தில் என்ன இருக்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 243இசட்டி பிரிவு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மாவட்டத் திட்டக் குழு வேண்டும் என்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் தீட்டும் திட்டங்களை ஒன்றுசேர்த்து மாவட்டம் முழுமைக்குமான வரைவுத் திட்டம் தயாரிப்பது அதன் வேலை. அப்போது கவனிக்க வேண்டியவற்றில் ஒன்றாக உள்கட்டமைப்பின் ஒருங்கிணைந்த வளர்ச்சியையும் அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது. குழுவின் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகைப்படி இடஒதுக்கீடு உண்டு. ஆக, தஞ்சாவூர் மாவட்ட வாரியத்தில் நம் முன்னோர்களுக்கு இல்லாத நாற்காலி இன்று சட்டத்தில் இருக்கிறது.

நடைமுறையில் இந்தக் குழு பெரும்பாலும் தாளில்தான் வாழ்கிறது. ரயில்வே அதிகாரியும் நெடுஞ்சாலைப் பொறியாளரும் போக்குவரத்துக் கழக மேலாளரும் இந்தக் குழுவின் முன் வந்து கணக்குச் சொன்னதை நாம் கேள்விப்பட்டதில்லை. இன்னொரு அடியும் விழுந்தது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. நம் மாவட்டமும் அதில் ஒன்று. உரிய காலத்தில் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. தேர்தல் தள்ளிப்போனால் எல்லாச் சாதிப் பிரதிநிதிகளும்தான் பதவி இழக்கிறார்கள். ஆனால் ஊர்த்தெருக்காரருக்கு அதிகாரியைப் பார்க்க வேறு வழிகள் உண்டு. காலனிக்காரருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்தான் வழி.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்டம் 1979–80இல் வந்தது. திட்ட நிதியில் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம். அதற்கெனத் தமிழ்நாடு 2024இல் தனிச் சட்டமும் இயற்றியது, வரவேற்கிறோம். இந்த நிதியில் நீண்டகாலமாக ஒரு தந்திரம் உண்டு. பொதுவான ஒரு பெரிய வேலையின் செலவில் ஒரு பங்கை எடுத்துப் பட்டியல் சாதியினர் கணக்கில் எழுதிவிடுவார்கள். 'அந்தச் சாலையில் அவர்களும்தானே போகிறார்கள்' என்பது சமாதானம். நான்குவழிச் சாலையில் அவர்களும் போகிறார்கள்தான். அந்தச் சாலையில் ஏறுவதற்குத் தெருவிலிருந்து ஒரு பாதை வேண்டும், வாய்க்காலுக்கு ஒரு பாலம் வேண்டும். துணைத்திட்டப் பணம் முதலில் அந்தப் பாலத்துக்குப் போகட்டும்.

நிலமெடுப்பு நடக்கும் ஊர்களில் இருப்பவர்கள் இன்னொன்றை அறிந்திருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று நிலத்தின் சொந்தக்காரரை மட்டும் சொல்லவில்லை. நிலமெடுப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதியில் வேலை செய்த விவசாயக் கூலித் தொழிலாளி, குத்தகைதாரர் ஆகியோரின் பிழைப்பு முதன்மையாக அந்த நிலத்தை நம்பி இருந்தால் அவர்களும் அதில் அடக்கம். இச்சட்டத்தின் இழப்பீடு, மறுவாழ்வு விதிகள் 2015 முதல் தேசிய நெடுஞ்சாலை, ரயில்வே நிலமெடுப்புகளுக்கும் பொருந்தும். சாலைக்கு வயல் போகும்போது உடையவருக்குப் பணம் வருகிறது, அதில் முப்பது வருடம் நடவு நட்டவருக்கு அறிவிப்புக்கூட வருவதில்லை. பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மூன்று ஆண்டு வேலை செய்ததற்குச் சான்றாக ஊரக வேலைத் திட்ட அட்டை, குடும்ப அட்டை என எது இருந்தாலும் நகல் வையுங்கள்.

மாவட்ட நிர்வாகம் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாவட்டத்தின் எல்லாக் காலனிகளுக்கும் தெருவாரியாக ஒரு கணக்கு எடுக்கலாம். அருகிலுள்ள பேருந்து நிறுத்தம் எத்தனை தூரம், இடையில் வாய்க்கால் உண்டா, பாலம் உண்டா, பாதை புறம்போக்கா தனியார் நிலமா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, சுடுகாட்டுக்கு வழி உண்டா. வருவாய்த் துறையும் ஊராட்சிச் செயலர்களும் முனைந்தால் இரண்டு மாதத்தில் முடிகிற வேலை. அந்தப் பட்டியலை வெளியிட வேண்டும். கிராமச் சாலைத் திட்டம், மினி பேருந்து, துணைத்திட்டம் மூன்றுக்கும் அதுவே அடிப்படையாக வேண்டும். பக்கத்து மாவட்டங்களும் இதையே செய்தால் எல்லையில் அறுந்து கிடக்கும் வழித்தடங்கள் தானாகத் தெரியவரும்.

நிர்வாகம் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு தெருவிலும் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் நான்கு பேராவது இருக்கிறார்கள். கைப்பேசியில் தூரத்தை அளந்து, படம் எடுத்து, ஒரு தாளில் எழுதி அடுத்த கிராமசபையில் தீர்மானமாகக் கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை உண்டு. தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும் கும்பகோணம் போக்குவரத்துக் கழகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி, கட்டணம் பத்து ரூபாய் செலுத்தி, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.