பாவு நீட்டும் தெருவில் பறவைக்கும் இடம்! ஆரணியில் முடியுமா?

ஆரணி:
பட்டுச் சேலைக்கு பேர் போன ஆரணியில் ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு மாடி வீடுகள் எழும்பி வருகின்றன. சிட்டுக்குருவி ஓட்டுச் சந்திலும் உத்தர இடுக்கிலும்தான் கூடு கட்டும். வழவழன்னு பூசின கான்கிரீட் சுவரில் அதுக்கு இடம் ஏது?

எச்சம் விழுந்தால் நஷ்டம்

இன்னொரு பக்கம் நெசவாளருக்கும் ஒரு கவலை. தெருவில் பாவு நீட்டும்போது மேலே கொக்கு அடையும் மரம் இருந்தால் எச்சம் விழும். பட்டு நூலில் கறை பட்டால் நஷ்டம் ஏழைக் குடும்பத்துக்குத்தான். "மரத்தையே வெட்டுங்கப்பா" என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது.

வெட்டினால் என்ன ஆகும்? 2022 செப்டம்பரில் கேரள மாநிலம் மலப்புரத்தில் சாலை விரிவாக்கத்துக்காக ஒரு மரம் சாய்க்கப்பட்டது. கூடுகளில் இருந்த ஏராளமான குஞ்சுகள் விழுந்து செத்தன. வனத்துறை வழக்குப் போட்டது. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி, பட்டியலில் உள்ள பறவையின் முட்டை, கூட்டை சேதப்படுத்தினாலும் அது வேட்டைதான்.

வழிகாட்டும் கிராமங்கள்

நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டுப் பக்கத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊர் ஜனங்கள் விரட்டுவதில்லை. 1994-ல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வேடந்தாங்கலில் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதே எச்சம் பாவு மேல் விழுந்தால் நஷ்டம், ஏரியில் விழுந்தால் லாபம். எல்லாம் இடத்தைப் பொறுத்ததுதான்.

2020-ல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டியது. குஞ்சு பறக்கும் வரை ஒரு மாதத்துக்கும் மேல் ஊரே இருட்டில் இருந்தது குறிப்பிடத்தக்கது.

என்ன செய்யலாம்?

நம்ம ஊருக்கு அவ்வளவு தியாகம்கூட தேவையில்லை. திட்டம் போடும்போதே யோசித்தால் போதும்.

* பெரிய மரங்களை ஏரிக்கரை, கமண்டல நாகநதிக் கரையில் நடலாம். கொக்கு அங்கே அடையட்டும்.

* பாவு நீட்டும் தெருவில் நிழலுக்கு பந்தல் அல்லது தகரக் கூரை போடலாம். எச்சமும் விழாது, வெயிலும் படாது.

* புது வீட்டில் கூரை ஓரம், வெயில் நேராக அடிக்காத, பூனைக்கு எட்டாத இடத்தில் ஒன்றேகால் அங்குல ஓட்டையுள்ள மரப்பெட்டி மாட்டலாம். சிட்டுக்குருவிக்கு அது போதும்.

* குருவிக் குஞ்சுக்கு புழு, பூச்சிதான் சாப்பாடு. அதனால் வாசலில் நாலு செடி வேண்டும், மருந்து அடிக்காமல்.

* மரக்கிளை கழிக்க வேண்டியிருந்தால் கூட்டில் முட்டை, குஞ்சு இல்லாத நேரம் பார்த்து கழிக்க வேண்டும்.

இதுக்கெல்லாம் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ரோடு போடும் முன், வீட்டு வரைபடத்துக்கு அனுமதி தரும் முன் நகராட்சியும், மரத்தில் கை வைக்கும் முன் தெரு ஜனங்களும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தால் போதும். நெசவாளி பிழைப்பும் கெடாது, பறவை குடும்பமும் கலையாது. செய்வார்களா?